நெற்றியில் ஒட்டிய பச்சை நிறம் எதைச் சொல்கிறது?

மருந்துக் கடைகளில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும், பார்த்திருப்பீர்கள். குழந்தையின் நெற்றியில் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். 36, 37, 38 என்று எழுதிய கட்டங்களில் ஏதாவது ஒன்று பச்சையாகத் தெரியும். பாதரசம் இல்லை, பேட்டரி இல்லை, குழந்தை கடித்து உடைத்துவிடுமோ என்ற பயமும் இல்லை. பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துப்போகிற சமாச்சாரம்.

ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்புக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காய்ச்சல் பற்றி 2007-ல் அது வெளியிட்ட வழிகாட்டியில், நெற்றியில் வைக்கும் இந்த வகைத் தெர்மாமீட்டர்களை நம்ப முடியாது, மருத்துவப் பணியாளர்கள் பயன்படுத்தவே கூடாது என்று பட்டென்று சொல்லிவிட்டது. 2019-ல் வழிகாட்டியைப் புதுப்பித்தபோதும் அந்த வரியை எடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜெட் இன்ஜின் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதே பொருளை வைத்துக்கொண்டு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக அளக்கிறார்கள். நெற்றியில் பொய் சொல்கிற பொருள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் எப்படி உண்மை பேசும்? உண்மையில் அது இரண்டு இடத்திலும் உண்மையைத்தான் பேசுகிறது. தான் எந்தப் பரப்பின் மேல் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பரப்பின் வெப்பநிலையைச் சொல்கிறது. நெற்றியில் வைத்தவர்கள்தான் அதனிடம் வேறு எதையோ கேட்டுவிடுகிறார்கள்.

முதலில் இந்தப் பொருளின் கதையைப் பார்த்துவிடலாம். 1888-ல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைநிட்ஸர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். (ஆமாம், ரத்தத்தில் கூடினால் டாக்டர் திட்டுகிற அதே கொலஸ்டிரால்தான்.) அதிலிருந்து செய்த கொலஸ்டிரைல் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகியது! 145.5 டிகிரியில் கலங்கலான திரவமாகியது, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. திரும்பக் குளிரவைத்தபோது நீலமும் ஊதாவுமாக நிறங்கள் மின்னி மறைந்தன. குழம்பிப்போன ரைநிட்ஸர், ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்குக் கடிதம் எழுதினார். திரவம் போல ஓடும், படிகம் போல ஒழுங்காக அடுக்கியும் இருக்கும் - இப்படி ஒரு நிலை இருப்பதை லேமன் கண்டுகொண்டார். அதுதான் திரவப் படிகம், அதாவது லிக்விட் கிரிஸ்டல். இன்றைக்கு எல்.சி.டி. திரையில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

நிறம் எங்கிருந்து வருகிறது? சாயம் எதுவும் கிடையாது. இந்த வகைத் திரவப் படிகத்தில் நீளமான மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் திரும்பியிருக்கும். சுழல் படிக்கட்டு மாதிரி. ஒரு முழுச் சுற்று முடிய எவ்வளவு உயரம் ஆகிறதோ, அந்த உயரம் கிட்டத்தட்ட ஒளியின் அலைநீள அளவிலேயே இருப்பதால், அதற்குப் பொருந்திய நிறத்தை மட்டும் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. மற்ற நிறங்கள் ஊடுருவிப் போய்விடுகின்றன. மயிலிறகின் நீலமும் சோப்புக் குமிழியின் வானவில்லும் இதே ரகம். அமைப்பினால் வரும் நிறங்கள். சூடு ஏற ஏறப் படிக்கட்டு இறுகுகிறது, திரும்பி வரும் அலைநீளம் குறைகிறது. அதனால் முதலில் சிவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். பிறகு ஒன்றுமில்லை.

இங்கேதான் பல பேர் தடுக்கி விழுகிறார்கள். குளியலறைக் குழாயில் சிவப்பு என்றால் வெந்நீர், நீலம் என்றால் தண்ணீர். இங்கே நேரெதிர்! சிவப்புதான் ஆறிய பக்கம், நீலம்தான் சூடான பக்கம். வெப்பம் எல்லைக்குக் கீழே இருந்தாலும் நிறமில்லை, மேலே போனாலும் நிறமில்லை. பின்னால் கறுப்பு பெயின்ட் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் ஊடுருவிப் போன மற்ற நிறங்களை யாராவது விழுங்க வேண்டுமே. நெற்றிப் பட்டை கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல.

(சூடான காபி ஊற்றினால் படம் மாறும் கோப்பைகள் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் இருப்பது சூட்டில் நிறமிழக்கும் சாயம். அது மாறும், அல்லது மாறாது, அவ்வளவுதான். டிகிரி டிகிரியாக வானவில் காட்டாது.)

இதை ஒரு கருவியாக மாற்றியதில் பெரிய பங்கு ஜேம்ஸ் ஃபெர்கசன் என்ற அமெரிக்கருக்கு. பிட்ஸ்பர்க் நகர வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, வெப்பத்தைப் படமாகக் காட்ட இந்தத் திரவப் படிகங்களைப் பயன்படுத்தலாம் என்று 1963-ல் காப்புரிமை வாங்கினார். எல்.சி.டி. திரைக்கு வழி போட்டவர்களிலும் அவர் ஒருவர். சுத்தமான நிலையில் இந்தப் பொருள் எண்ணெய்ப் பசை மாதிரி இருக்கும். தூசும் புற ஊதா ஒளியும் பட்டால் கெட்டுவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, மை போலத் தெளிக்கிற விதத்தில் விற்கிறார்கள். டப்பாவில் 'ஆர்35சி5டபிள்யூ' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 35 டிகிரியில் சிவப்பு தொடங்கும், அங்கிருந்து 5 டிகிரி தாண்டினால் நீலம் தொடங்கும் என்று அர்த்தம்.

பொருள் தயார். மனிதர்கள் அதை வைத்து முதலில் என்ன செய்தார்கள்? மோதிரம்! 1975-ல் நியூயார்க்கில் 'மூட் ரிங்' என்று ஒன்று பரபரப்பாக விற்றது. விரலில் போட்டால் மனநிலையைச் சொல்லுமாம். நீலம் என்றால் ஆனந்தம், கறுப்பு என்றால் கவலை. அது சொன்னது விரல் தோலின் சூட்டை மட்டும்தான். பதற்றத்தில் கை சில்லிடும் என்பது உண்மை. ஆனால் ஐஸ்கிரீம் கிண்ணத்தைப் பிடித்தாலும் கை சில்லிடும், சூடான டீ கிளாஸைப் பிடித்தால் எவ்வளவு சோகமான ஆளுக்கும் ஆனந்தம் பொங்கிவிடும். மோதிரத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, போகட்டும். ஆனால் தோலைக் கேட்டு உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்கிற அதே நினைப்புதான் பின்னால் விளையாட்டாக இல்லாத இடங்களுக்கும் போனது.

நெற்றிப் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் வெப்பநிலை ஒரு இழுபறியின் முடிவு. உள்ளேயிருந்து ரத்தம் சூட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வெளியே காற்றும் வியர்வையும் அதைப் பிடுங்கிக்கொண்டு போகின்றன. ஃபேன் ஓடினால் ஒரு கணக்கு, ஓடாவிட்டால் இன்னொரு கணக்கு. பட்டை தயாரிப்பவர்கள் 'சாதாரண அறையில் நெற்றிக்கும் உடலுக்கும் இத்தனை வித்தியாசம் இருக்கும்' என்று ஒரு சராசரியைக் கூட்டி 38 என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டல் எல்லாக் குழந்தைக்கும், எல்லா அறைக்கும், காய்ச்சலின் எல்லாக் கட்டத்துக்கும் பொருந்துமா?

குளிர்காய்ச்சல் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். உடல் உள்ளே சூட்டை ஏற்ற முயல்கிறது. அதற்காகத் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. குழந்தை நடுங்கும், கைகால் சில்லென்று இருக்கும், ஆனால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். காய்ச்சல் வேகமாக ஏறும் அந்த நேரத்திலேயே தோல் குறைத்துச் சொல்கிறது. இன்னொரு கொடுமையும் உண்டு. காய்ச்சல் என்றதும் வீட்டில் முதலில் செய்வது நெற்றியில் ஈரத்துணி போடுவது. துணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பட்டையை வைத்தால் அது துணியின் வேலையைத்தான் அளக்கும்.

'குத்துமதிப்பாகத் தெரிந்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஒருவேளை போதலாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தாலே அதை ஆபத்தான அறிகுறியாகக் கொள்ள வேண்டும் என்கிறது மேலே சொன்ன அதே வழிகாட்டி. அப்படிப்பட்ட குழந்தையின் நெற்றியில் 37 பச்சையாகத் தெரிந்தால் அந்த வீடு நிம்மதியாகத் தூங்கிவிடும். பட்டை சொல்லும் 'காய்ச்சல் இல்லை'யைவிட, ஒன்றுமே வாங்காமல் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைப்பது ஆயிரம் மடங்கு மேல்.

2020-ல் கொரோனா வந்தபோது உலகமே இந்தத் தவறை இன்னொரு கருவியோடு திரும்பச் செய்தது. கடை வாசலில், அலுவலக வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி. அது திரவப் படிகம் இல்லை, அகச்சிவப்புக் கதிரை அளப்பது. ஆனாலும் அளந்தது அதே நெற்றித் தோலைத்தான். வெயிலில் பைக் ஓட்டி வந்தவருக்கு ஒரு எண், ஏசி காரிலிருந்து இறங்கியவருக்கு ஒரு எண். காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமந்தவர்கள் பற்றி அந்தத் துப்பாக்கி சொல்ல ஒன்றுமே இல்லை.

இதைவிடக் கனமான கதை மார்பகப் புற்றுநோயுடையது. கட்டி வளரும் இடத்தில் ரத்த ஓட்டம் அதிகமாகும், மேலே தோல் சூடாகும், அந்தச் சூட்டைப் படம் பிடித்தால் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்பது யோசனை. கேட்கவே அழகாக இருக்கிறது. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. அகச்சிவப்புக் கேமராவாலும் செய்தார்கள், திரவப் படிகம் பூசிய தகடுகளை மார்பில் பதித்தும் செய்தார்கள். அமெரிக்காவில் 1973-ல் தொடங்கி 29 மையங்களில் ஏறக்குறைய 2,80,000 பெண்களைப் பரிசோதித்த பெரிய திட்டத்தில் மேமோகிராமோடு வெப்பப் படமும் முதலில் இடம்பெற்றது. கண்டுபிடிக்க வேண்டிய கட்டிகளில் பலவற்றை அது தவறவிட்டதால் பாதியிலேயே வெப்பப் படத்தை நிறுத்திவிட்டார்கள். ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டியின் சூடு மேலே வந்து சேர்வதற்குள் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் அதை எங்கெங்கோ பரப்பிவிடுகின்றன. அதன் பிறகும் வெப்பப் படத்தை மேமோகிராமுக்கு மாற்று என்று விளம்பரம் செய்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் இது மாற்று அல்ல என்று எச்சரித்தது. 2017-லும் 2019-லும் மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. வண்ணப் படத்துக்கு அவ்வளவு கவர்ச்சி.

அப்படியானால் திரவப் படிகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அது பெரிய அநியாயம். பரப்பின் வெப்பநிலையே கேள்வியாக இருக்கும் இடங்களில் இதோடு போட்டி போடக்கூடியவை ரொம்பக் குறைவு.

ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடு சிறந்த உதாரணம். அதைச் சுற்றி ஓடும் வாயு 1500 டிகிரியைத் தாண்டும். பிளேடு செய்த உலோகமே அந்தச் சூட்டில் உருகிவிடும். உருகாமல் இருக்கக் காரணம், பிளேடுக்குள் குடைந்த நுண்ணிய வழிகளில் ஓடும் குளிர்ந்த காற்று. அந்தக் காற்று ஒரு வளைவில் சரியாகத் திரும்பாமல் ஒரு மூலையைக் கவனிக்காமல் விட்டால் அந்த மூலை வெந்துபோகும். கணிப்பு சில பத்து டிகிரி தவறினாலே பிளேடின் ஆயுள் பாதியாகக் குறைந்துவிடலாம். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எங்கே குளிர்கிறது, எங்கே குளிரவில்லை என்று எப்படிப் பார்ப்பது? தெர்மோகப்பிள் கம்பிகளை ஒட்டலாம். இருபது ஒட்டினால் இருபது புள்ளிகள் தெரியும். பிரச்சினை இருபத்தோராவது புள்ளியில் இருந்தால்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெரி ஜோன்ஸ், பீட்டர் அயர்லாந்து ஆகியோர் 1980-களில் வளர்த்தெடுத்த முறை இதற்குப் பதில் சொன்னது. பிளேடின் உள்வழியைப் பெரிதாக்கி, கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் மாதிரி செய்கிறார்கள். உள்சுவரில் திரவப் படிகத்தைத் தெளித்து, அதன் மேல் கறுப்பு பெயின்ட். (வெளியிலிருந்து அக்ரிலிக் வழியாகப் பார்ப்பதால் பூச்சின் வரிசை தலைகீழ்.) பிறகு திடீரென்று இளஞ்சூடான காற்றை உள்ளே செலுத்தி வீடியோ எடுக்கிறார்கள். காற்று எங்கே நன்றாக உரசுகிறதோ அங்கே முதலில் பச்சை வரும். மந்தமான மூலைகளில் தாமதமாக வரும். அக்ரிலிக் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும் என்பதால், பச்சை வர எத்தனை விநாடி ஆனது என்பதிலிருந்து அந்த இடத்தின் வெப்பக் கடத்தல் எண்ணைக் கணக்குப் போட்டுவிடலாம். வீடியோவில் எத்தனை புள்ளிகளோ அத்தனை தெர்மோகப்பிள்கள்!

உண்மையான பிளேடின் சூட்டில் இந்தப் பொருள் ஒரு நொடி தாங்காது என்பதைக் கவனியுங்கள். தாங்கத் தேவையில்லை. ரெய்னால்ட்ஸ் எண்ணைப் பொருத்திவிட்டால், அறை வெப்பத்தில் அக்ரிலிக் மாதிரியில் கிடைத்த விடை 1500 டிகிரி உலகத்துக்குக் கொண்டுபோகப்படும். நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரமோ சில மில்லிவிநாடிகள்தான், அதனால் தாமதப் பிழையும் இல்லாத மாதிரிதான்.

'இப்போதுதான் அகச்சிவப்புக் கேமரா மலிவாகிவிட்டதே, இந்தப் பெயின்ட் வேலை எதற்கு?' என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேமராவால் சாதாரண அக்ரிலிக் வழியாகவோ தண்ணீருக்குள்ளோ பார்க்க முடியாது. பளபளப்பான உலோகத்தைக் காட்டினால் எதிரே நிற்பவரின் சூட்டைச் சேர்த்துச் சொல்லும். மூடிய குழாய்க்குள், தண்ணீருக்குள் வெப்பத்தைப் பார்க்க, சாதாரணக் கேமராவும் இந்த நுண்ணுறைகளும் இன்றைக்கும் நல்ல கூட்டணி.

ஆனால் ஆய்வுக்கூடத்திலும் ஏமாற வழி இருக்கிறது. கல்லூரி புராஜெக்ட் அறிக்கைகளில் வானவில் மாதிரி ஒரு படம் போட்டு, 'சிவப்பு இடம் அதிக வெப்பம்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். (திசையே தப்பு!) நேராகப் பார்க்கும்போது பச்சையாக இருப்பது சாய்ந்து பார்த்தால் நீலத்தை நோக்கி நகரும். விளக்கை மாற்றினால் கேமரா காணும் நிறமும் மாறும். அந்த விளக்கே பரப்பைச் சூடாக்கும். ஒருமுறை அதிகமாகச் சூடேறிக் குளிரும்போது அதே வெப்பநிலையில் கொஞ்சம் வேறு நிறம் காட்டும். இதற்கெல்லாம் மருந்து காலிபரேஷன் ஒன்றுதான். வெப்பநிலை தெரிந்த ஒரு செப்புத் தகட்டில் அதே பூச்சைப் பூசி, அதே விளக்கில், அதே கேமராவில், அதே கோணத்தில், சோதனைக்கு முன்னாலேயே எந்த டிகிரிக்கு எந்த நிறம் என்று அட்டவணை போட வேண்டும். அலுப்பான வேலை, ஒரு நாள் முழுக்கத் தின்றுவிடும். அந்த ஒரு நாளைச் செலவழிக்காத படம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. அதற்கு மதிப்பெண் போடும் வாத்தியார்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தப் பொருள் மனித உடலிலும் சரியாக வேலை செய்யும் ஒரு இடம் உண்டு. பிறந்த குழந்தையின் குளிர்ச்சி. பச்சிளங்குழந்தைக்கு எடையோ கொஞ்சம், அதற்கு ஒப்பிட்டால் தோல் பரப்போ அதிகம். ஈரத்தோடு பிறந்து நொடிகளில் சூட்டை இழக்கத் தொடங்கும். உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதைத் தாழ்வெப்பநிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்த குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டரில் எண் படிக்கத் தெரியாத, அல்லது தெர்மாமீட்டரே இல்லாத வீடுகளில் இதை எப்படிக் கண்டுகொள்வது?

தெர்மோஸ்பாட் என்று ஒரு சின்னக் கறுப்பு வட்டு, 12 மில்லிமீட்டர் அகலம். குழந்தையின் அக்குளிலோ வயிற்றின் மேல்பகுதியில் கல்லீரலுக்கு மேலோ ஒட்டிவிடுகிறார்கள். 36.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அதில் ஒரு சிரித்த முகம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். குளிரக் குளிர முகம் வெளிறும். 35.5-க்குக் கீழே போனால் வெறும் கறுப்பு. மலாவி நாட்டிலும் இந்திய நகரக் குடிசைப் பகுதிகளிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நெற்றிப் பட்டைக்கு மேலே சொன்ன குறைகள் இதற்கு ஏன் அவ்வளவாகப் பொருந்தவில்லை? ஒட்டும் இடம் துணிக்குள் மூடியிருக்கிறது. காற்று பிடுங்கிக்கொண்டு போக வழியில்லாதபோது தோல் உள்ளே இருக்கும் சூட்டை நெருங்கி வந்துவிடும். பச்சிளங்குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. இதற்கெல்லாம் மேலாக, யாரும் அதனிடம் 37.4-ஆ 37.8-ஆ என்று கேட்கவில்லை. குழந்தை சூடாக இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்கிறார்கள். நோய் என்னவென்று அது சொல்லாது, கிருமித் தொற்றைக் கண்டுபிடிக்காது. வட்டில் முகம் தெரிகிறது என்பதற்காகப் பால் குடிக்காத குழந்தையை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது.

முகம் மறைந்துவிட்டால் அம்மா செய்ய வேண்டியதற்கும் கருவி எதுவும் வேண்டாம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறைதான். குழந்தையின் சட்டையைக் கழற்றி அம்மாவின் வெறும் மார்போடு சேர்த்துப் படுக்கவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, பால் கொடுத்துக்கொண்டே அவ்வப்போது போர்வையை விலக்கி வட்டைப் பார்க்க வேண்டும். கறுப்பு மாறவில்லை என்றால் அதே போர்வையோடு ஆஸ்பத்திரிக்கு.